வாட்டர் ஸ்கீ பைண்டிங்: டோ பிளேட்டா, டபுள் பூட்டா, ஹார்ட்ஷெல்லா?

ஸ்கீ வாங்கும்போது நீளம், அகலம், கார்பனா ஃபைபர்கிளாஸா என்று அலசி ஆராய்பவர்கள்கூட பைண்டிங் (காலை ஸ்கீயில் பிடித்துவைக்கும் பூட் அல்லது பட்டை) விஷயத்தில் "கூட என்ன வருதோ அதுவே போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாள் போன பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பாதம் மரத்துப்போகிறது, அல்லது குதிகால் உள்ளே ஆடுகிறது, அல்லது விழுந்தபோது ஒரு கால் கழன்று மற்றது மாட்டிக்கொண்டு கணுக்கால் வீங்கிவிடுகிறது. ஒற்றை ஸ்கீயில் பின் காலுக்கு டோ பிளேட்டே (பாதத்தின் முன்பாதி மட்டும் நுழையும் பட்டை) இருக்கட்டுமா, இரண்டு காலுக்கும் முழு பூட் உள்ள டபுள் பூட்டுக்கு மாறுவதா, எல்லாரும் பேசும் ஹார்ட்ஷெல்லை (கடினமான ஓடு போன்ற பூட்) வாங்கிவிடுவதா என்ற கேள்வி அப்போது வருகிறது. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் "எது நல்லா பிடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது விழும்போது அது எப்படி விடும், இரண்டு காலையும் சேர்த்து விடுமா என்பதை. ஓரளவு பிடிப்பு எல்லாப் பைண்டிங்கிலும் கிடைத்துவிடும், விடுகிற விதத்தில்தான் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விழும்போது விடும் விதம். பின்பக்கமாக உட்கார்ந்து விழுவது பெரும்பாலும் ஆபத்தில்லை. முன்பக்கமாகத் தூக்கி எறியப்படுவதுதான் மோசம்: ஸ்கீயின் முனை தண்ணீரில் குத்தி சட்டென்று நிற்கிறது, உடம்பு வந்த வேகத்திலேயே போகிறது, குதிகால் மேலே இழுபடுகிறது. குதிகால் வெளியே வரவில்லை என்றால் அந்த இழுப்பு முழுவதையும் குதிநாணும் கணுக்காலும் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, முறுக்கு விழுகை. உடம்பு ஒரு பக்கம் சாய, ஸ்கீ வேறு பக்கம் திரும்புகிறது. ஒரு கால் மட்டும் மாட்டியிருந்தால் அந்த நீளமான பலகை நெம்புகோலாக வேலை செய்து கணுக்காலையோ முழங்காலையோ திருகிவிடும். அதனால் இரண்டு காலும் கழல வேண்டும், அல்லது இரண்டும் உள்ளேயே இருக்க வேண்டும். ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்ற நிலைதான் பயப்பட வேண்டியது.

இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பனிச்சறுக்கு பைண்டிங்கில் எடை, உயரம், வயது, திறமை, பூட்டின் அடி நீளம் எல்லாம் பார்த்து எவ்வளவு விசையில் விட வேண்டும் என்று எண்ணாகவே அமைத்துக் கொடுப்பார்கள். வாட்டர் ஸ்கீயின் மென்மையான பூட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. ரப்பர் எவ்வளவு இழுபடுகிறது, லேஸ் எவ்வளவு இறுக்கம், கால் எவ்வளவு ஈரம், இவை எல்லாம் சேர்ந்துதான் அது விடுமா விடாதா என்று தீர்மானிக்கும். கடையில் "சேஃப்டி பைண்டிங்" என்று சொன்னால் எந்த வழியாக, எந்தத் திசையில் விடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

பாதத்துக்கு வசதி. அகலப் பாதம், உயர்ந்த வளைவு, பெருவிரல் மூட்டு புடைத்திருப்பது, எல்லாமே கணக்கில் வரும். ஷூ சைஸ் மட்டும் போதாது.

கிளம்பும் எளிமை. தண்ணீரில் மிதந்தபடி கிளம்பும்போது பின் கால் வெளியே இருக்கிறதா, உள்ளே கட்டியிருக்கிறதா என்பது கற்றுக்கொள்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம்.

எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எவ்வளவு பராமரிப்பு. மறைந்திருக்கும் செலவெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.

## நகர்த்திச் சரிசெய்யும் பைண்டிங்

காம்போ ஜோடி ஸ்கீயில், அதாவது ஒரு காலுக்கு ஒன்று என்று இரண்டாக வருவதில், இருப்பது இது. முன்பக்கம் விரல் பகுதி நிலையாக இருக்கும், குதிகால் பகுதி ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். முதன்முதலில் ஏறுபவர்களுக்கும், ஒரே ஸ்கீயை நாலைந்து பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடத்துக்கும் இதைவிட வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பலருக்கும் பொருந்தும், ஆனால் ஒருவருக்கும் கச்சிதமாக இருக்காது. குறைந்த வேகத்தில் கால் சுலபமாக வெளியே வந்துவிடும் என்பதால் அது பெரிய குறையும் இல்லை.

கவனிக்க வேண்டியது, ஆள் மாறும்போது அளவை மாற்ற மறப்பது. பெரியவருக்கு வைத்த அளவிலேயே ஒரு சிறுவன் ஏறினால் குதிகால் உள்ளே நீந்தும், ஒரு ஸ்கீ முன்கூட்டியே கழன்றுகொள்ளும். தண்டவாளத்தில் மணல் போனால் லாக் சரியாக விழாது, ஓட்டத்தின் நடுவில் குதிகால் பகுதி பின்னுக்கு நகர்ந்துவிடும். மாட்டியதும் ஒருமுறை கையால் இழுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே வரும் ஜோடியை எடுங்கள், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரியதாக வாங்கும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

## முன்னால் பூட், பின்னால் டோ பிளேட்

ஒற்றை ஸ்கீயில் அதிகம் பேர் நிற்பது இதில்தான். முன் கால் முழு பூட்டுக்குள், பின் காலின் முன்பாதி மட்டும் ஒரு ரப்பர் பட்டைக்குள். யோசித்தால் இதுதான் பைண்டிங்கின் மூதாதை. 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பெபின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் பலகைகளில் நின்று படகின் பின்னால் போனபோது காலைப் பிடிக்க இருந்தது தோல்வார் மட்டும்தான். பின் காலுக்கு நாம் இன்னும் அதே வேலையைத்தான் செய்கிறோம், என்ன, தோலுக்குப் பதில் ரப்பர்.

கிளம்புவது இதில் எளிது. பின் காலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே சமநிலை பிடித்து, ஸ்கீ மேலே வந்து நிலைத்த பிறகு மெதுவாக உள்ளே நுழைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்கீயில் கிளம்பி ஒன்றை உதறிவிட்டு ஒற்றைக்கு மாறக் கற்பவர்களுக்கு வேறு வழியே இல்லை, பின்னால் டோ பிளேட்தான் இருக்க வேண்டும். பாதத்தை நகர்த்தி வசதியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம், இடுப்போ முழங்காலோ கொஞ்சம் விறைப்பாக உள்ளவர்கள் இதில்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இப்போது விழும் கதை. பின் கால் சுலபமாக வந்துவிடும், முன் கால் அப்படி வராது. அதாவது நாம் பயந்த அந்த ஒன்று உள்ளே ஒன்று வெளியே நிலை இந்த அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. பொழுதுபோக்கு வேகத்தில், முன் பூட் மிதமான இறுக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் முன் காலும் பின்னாலேயே வந்துவிடும், அதனால்தான் இத்தனை பேர் இத்தனை காலமாக இதில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் எப்போது என்றால், பிடிப்பு போதவில்லை என்று முன் பூட்டின் லேஸை மட்டும் இறுக்கிக்கொண்டே போகும்போது. பின் கால் விட்டுவிடும், முன் கால் விடாது, முழுப் பலகையும் ஒரே கணுக்காலில்.

இன்னொரு ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. டோ பிளேட் இறுக்கமாக இருந்து பாதத்தை ஆழமாகத் திணித்து வைத்தால், முன்பக்கம் விழும்போது விரல் பகுதி உள்ளே சிக்கிக்கொள்ளும், குதிகால் மேலே போகும், பாதம் நடுவில் மடியும். அங்கே உள்ள எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் கிழிவதை மருத்துவர்கள் லிஸ்ஃபிராங்க் காயம் என்கிறார்கள். முதலில் சாதாரணச் சுளுக்கு மாதிரிதான் இருக்கும், எக்ஸ்ரேயில் தவறிப்போவதும் உண்டு, ஆற மாதக்கணக்காகும். நடுப்பாதம் வீங்கி, உள்ளங்காலில் ரத்தம் கட்டியது போல நிறம் மாறினால் ஐஸ் வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டோ பிளேட் எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும்? காலை உள்ளே வைத்து நேராகப் பின்னால் இழுத்தால் கையின் உதவியில்லாமல் வர வேண்டும்.

## டபுள் பூட்

இரண்டு காலுக்கும் முழு பூட். ஸ்லாலம் பாதையில் மிதவைகளைச் சுற்றத் தொடங்கியவர்கள் பலரும் ஒருகட்டத்தில் இங்கே வருகிறார்கள். பின் கால் அசையாது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும், அதனால் நீங்கள் நிற்கும் நிலையும் ஒரே மாதிரி இருக்கும். திருப்பத்தில் பின் குதிகால் தூக்கி எடையெல்லாம் முன்னால் சரியும் பழக்கம் உள்ளவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

பாதுகாப்பில் இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இதுதான்: இரண்டு காலும் ஒரே மாதிரி கட்டப்பட்டிருப்பதால் இரண்டும் சேர்ந்து கழலும், கழலாவிட்டாலும் பலகையின் முறுக்கை இரண்டு காலும் பகிர்ந்துகொள்ளும். எனக்கும் இது சரியாகத்தான் படுகிறது, ஆனால் அந்த "ஒரே மாதிரி" என்ற நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முன்னால் புது பூட், பின்னால் பழைய தொளதொள பூட் என்று வைத்தவர்களையும், முன் லேஸைப் பல்லைக் கடித்து இறுக்கிவிட்டு பின் லேஸைச் சும்மா இழுத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் டபுள் பூட்டின் நன்மை போய்விடும், முன்னைவிடக் கெடுதல்தான் மிஞ்சும். எதிலும் மோசமானது முன் கால் கழன்று பின் கால் மாட்டிக்கொள்வது. இரண்டும் ஒரே மாடல், ஒரே பழசு, ஒரே இறுக்கம். இதில் சமரசம் செய்வதாக இருந்தால் டோ பிளேட்டிலேயே இருந்துவிடுங்கள்.

இப்போதைய லேஸ் பூட்களில் மேலே, கீழே என்று இரண்டு தனி லேஸ் இருப்பது நல்ல வசதி. பாதத்தின் மேற்பகுதியை நன்றாக இழுத்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தளர்வாக விடலாம், குதிகால் மேலே வர இடம் கிடைக்கும். சில பூட்களில் சூடேற்றி உங்கள் பாதத்தின் வடிவத்துக்கே அமைத்துக்கொள்ளும் உள்ளுறை வருகிறது, புடைப்பு உள்ளவர்களுக்கு அது வரம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் முதலில் இரண்டாவது பூட், அதை ஸ்கீயில் பொருத்தும் தகடு. அப்புறம் பழக்கம். இரண்டு காலும் கட்டப்பட்ட நிலையில் கிளம்புவது முதலில் எரிச்சலாக இருக்கும். முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு, படகு இழுக்கும்வரை பொறுமையாக மிதக்க வேண்டும், அவசரப்பட்டு எழுந்தால் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவீர்கள். தண்ணீரில் மிதந்துகொண்டே இரண்டாவது பூட்டை மாட்டுவதும் பெரிய கூத்து, படகின் பின்மேடையிலோ கரை மேடையிலோ உட்கார்ந்து மாட்டிக்கொண்டு இறங்குவதுதான் வழி. ஸ்கீயை நண்பருக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய நின்றுபோகும், அவர் பாத அளவும் நிற்கும் இடைவெளியும் வேறு.

## முழு ரப்பர் பைண்டிங்

லேஸே இல்லாமல் ரப்பர் மட்டுமே பாதத்தைச் சுற்றிப் பிடிக்கும் பழைய வகை. இதற்கு விசுவாசிகள் இன்னும் இருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது: நல்ல அளவில் இருந்தால் ரப்பர் எல்லாத் திசையிலும் இழுபடும், எந்தப் பக்கம் விழுந்தாலும் கால் வர வாய்ப்பு உண்டு. இறுக்கத்தை மாற்ற லேஸ் இல்லாததால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதும் ஒரு நன்மைதான். ஆனால் உள்ளே நுழைய சோப்புத் தண்ணீரோ பைண்டிங் வழுக்கியோ இல்லாமல் முடியாது, வெயிலில் கிடந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். மண்ணெண்ணெய், கிரீஸ் மாதிரி பெட்ரோலியச் சரக்கை அதில் தடவிவிடாதீர்கள், ரப்பரைக் கெடுத்துவிடும்.

## ஹார்ட்ஷெல்லும் தானாக விடும் அமைப்பும்

இங்கே இரண்டு வேறு வேறு விஷயத்தை ஒன்றாகப் பேசுகிறார்கள், பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, இன்லைன் ஸ்கேட் ஓடு மாதிரியான கடினமான பூட், குதிகால் பக்கம் ஒரு ஸ்பிரிங் கொக்கி. முன்பக்கம் விழும்போது குதிகால் மேலே இழுபட, வைத்த அளவு விசை வந்ததும் கொக்கி விட, பூட்டோடு கால் ஸ்கீயிலிருந்து பிரிகிறது. ரிஃப்ளெக்ஸ் என்ற பிராண்ட் இந்த வகையில் பெயர் பெற்றது. முன்னால் இதை வைத்துப் பின்னால் டோ பிளேட் போட்டுக்கொள்பவர்கள் அதிகம். இன்னொன்று, இரண்டு பூட்டையும் ஒரே தகட்டில் பொருத்தி, அந்தத் தகட்டையே ஸ்கீயிலிருந்து விடவைப்பது. சிலவற்றில் எந்திரக் கொக்கி, சிலவற்றில் ஒன்றோடொன்று கவ்வும் பிளாஸ்டிக் பட்டை. இரண்டு காலும் ஒரே தகட்டில் இருப்பதால் ஒரு கால் மட்டும் கழலும் வாய்ப்பு மிகக் குறைவு, கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான்.

கடினமான ஓடு கணுக்காலை நன்றாகக் காக்கும். ஆனால் விசை எங்கேயும் மறைந்துவிடாது. கொக்கி விடாமல் போனால் அது கணுக்காலைத் தாண்டி மேலே, கீழ்க்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் போகும். குதிகால் தூக்கினால் விடும் அமைப்புக்கு முன்பக்க விழுகை பிடிக்கும், சுத்தமான முறுக்கு விழுகையில் அது அவ்வளவு உதவாது. மிகத் தளர்வாக வைத்தால் திருப்பத்தின் நடுவில் விட்டுவிடும், அதுவே ஒரு கெட்ட விழுகை. கழன்ற ஸ்கீ பக்கத்திலேயே சுழலும், அதன் அடியில் வால் பக்கம் இருக்கும் துடுப்பு (ஃபின்) கூர்மையானது. இறுக்கத்தை எவ்வளவு வைப்பது என்பதை ஓட்டுபவரே சோதித்துச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், எடை கூடினாலோ வேகம் கூடினாலோ மறுபடி பார்க்க வேண்டும். கவ்வும் பட்டை தேயும், மணல் போனால் பிடிப்பு குறையும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கொக்கியைச் சரிபார்க்கும் ஒழுங்கு உங்களிடம் இல்லையென்றால் இந்த வகை உங்களுக்கு வேண்டாம், நேராகவே சொல்கிறேன்.

யாருக்கு வேண்டும் என்றால், ஸ்லாலம் பாதையில் அடிக்கடி, வேகமாக, கயிற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கு. உயர்மட்ட ஆண்கள் போட்டியில் படகின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அலையைக் குறுக்கே வெட்டும்போது ஓட்டுபவர் படகைவிட வேகமாகப் போகிறார். அந்த வேகத்தில் முனை குத்தினால் மென்மையான பூட் சரியான நேரத்தில் விடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

## ஒரே பார்வையில்

| வகை | வசதி | விழும்போது | பின்னால் வரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| நகர்த்தும் பைண்டிங் | சுமார், பலருக்கும் பொருந்தும் | குறைந்த வேகத்தில் சுலபமாக விடும் | லாக், தண்டவாளம் | புதியவர்கள், பலர் பகிரும் ஸ்கீ |
| பூட் + டோ பிளேட் | நல்லது, பின் கால் சுதந்திரம் | பின் கால் வரும், முன் கால் இறுக்கத்தைப் பொறுத்தது | குறைவு | ஒற்றை ஸ்கீ கற்பவர்கள், பொழுதுபோக்கு |
| டபுள் பூட் | உறுதி, மாட்டச் சிரமம் | இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது | இரண்டாவது பூட், உள்ளுறை | ஸ்லாலம் பழகுபவர்கள் |
| முழு ரப்பர் | அளவு சரியென்றால் நல்லது | எல்லாத் திசையிலும் ஓரளவு விடும் | ரப்பர் வெடிப்பு | பழகியவர்கள் |
| விடும் அமைப்பு | கணுக்காலுக்கு உறுதி | சரியாக அமைத்தால் மிக நல்லது | தேயும் பாகங்கள், ஓயாத சோதனை | அடிக்கடி வேகமாக ஓட்டுபவர்கள் |

## அளவு பார்ப்பது

வகையைவிட அளவு முக்கியம் என்று சொன்னால் மேலே எழுதியதெல்லாம் வீணா என்று கேட்பீர்கள், ஆனால் தவறான அளவில் இருக்கும் விலையுயர்ந்த பூட்டைவிட சரியான அளவில் இருக்கும் சாதாரண பூட் பாதுகாப்பானது. காலையும் பூட்டையும் நனைத்துத்தான் பார்க்க வேண்டும், காய்ந்த நிலையில் எல்லாமே இறுக்கமாகத் தெரியும். மென்மையான பூட் என்றால் ஸ்கீயைத் தரைவிரிப்பின் மேல் வைத்து, துடுப்பைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒருவர் ஸ்கீயை அழுத்திப் பிடிக்கட்டும். முழங்காலை மடக்கி மெதுவாக முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் முயற்சியோடு குதிகால் மேலே வர வேண்டும். கொஞ்சமும் அசையவில்லை என்றால் இறுக்கம் அதிகம், சும்மா தூக்கினாலே வந்துவிட்டால் தளர்வு. இரண்டு காலையும் தனித்தனியே பார்த்து ஒப்பிடுங்கள். நின்றுகொண்டே காலைத் திருகிப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம்.

கால் மரத்துப்போனால் பூட் சின்னது என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். பல நேரம் கீழ் லேஸ் நடுப்பாதத்தில் அதிகமாக அழுத்துவதுதான் காரணம், அதைக் கொஞ்சம் விட்டாலே சரியாகிவிடும். அகலப் பாதக்காரர்கள் விரல் பகுதி திறந்திருக்கும் பூட்டைப் பாருங்கள், இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்பவர்களுக்கும் அதுவே தோது. பாதத்தின் நீளம் முழுவதும் உள்ளே அடங்கும் மூடிய பூட் இன்னும் உறுதியாக இருக்கும், ஆனால் அரை சைஸ் தவறினாலும் விரல் நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

## பழையது வாங்கினால்

ரப்பரை இரு கையால் இழுத்து, குதிகால் பக்கமும் தகட்டோடு சேரும் ஓரமும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பூட் நடு ஓட்டத்தில் கிழிந்தால் மறுபடி அதே ஒற்றைக்கால் நிலைதான். உள்ளுறை தட்டையாகிப் போயிருந்தால் பூட் ஒரு சைஸ் பெரியதாகிவிட்டது என்று அர்த்தம், லேஸை இறுக்கி அதைச் சரிக்கட்ட முடியாது. தகட்டின் துளைகள் உங்கள் ஸ்கீயின் திருகுக் குழிகளோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். திருகு நீளமாக இருந்தால் குழியின் அடியைக் குத்தி ஸ்கீயையே கெடுக்கும், குட்டையாக இருந்தால் பிய்ந்து வரும். கழற்றும் முன் வாலிலிருந்து பூட்டின் குதிகால்வரை எவ்வளவு என்று டேப்பில் அளந்து குறித்துக்கொண்டு, புதியதையும் அதே இடத்தில் மாட்டுங்கள். ஒரு துளை முன்னால் போனாலே திருப்பத்தில் முனை ஆழமாகக் கடிக்கும், பிழை பூட்டிலா இடத்திலா என்று தெரியாமல் அல்லாடுவீர்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் திருகுகளை இன்னொரு தடவை முடுக்கிப் பாருங்கள், புதுத் தகடு உட்கார்ந்த பிறகு ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும்.